தலைகீழ் இலை

ஜாக்கெட்டுகளில் ஆரி எம்பிராய்டரி வேலை செய்பவள் நான். முன்பெல்லாம் என் டிசைனை யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் இணையத்தில் எதையும் போடமாட்டேன். ஒரே ஒரு மயிலை மட்டும் ஆசைப்பட்டு பேஸ்புக்கில் போட்டிருந்தேன்.

இந்த வருடம் வீரபாண்டி கோயில் திருவிழா வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் ஜாக்கெட் முதுகில் அதே மயில். அவள் தோளைத் தட்டினேன்.

"இது எங்கனம்மா தச்சது?" என்றேன்.

"போன்ல பாத்து எங்க ஊரு டெய்லரக்கா தச்சாக. நல்லாருக்காக்கா?"

சண்டைக்கு வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மயிலின் காலடியில் ஓர் இலை தலைகீழாக இருந்தது. அது செல்வி செய்த தவறு. கல்யாணமாகித் திருப்பூர் போகும்வரை, துணியை இழுத்துக் கட்டிய ஒரே சட்டத்தில் என் எதிரே உட்கார்ந்து தைத்தவள் அவள். பேச்சு சுவாரசியத்தில் அந்த இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு, நான் திட்டத் திட்டச் சிரித்தாள். அந்த டெய்லர் அதையும் விடாமல் காப்பியடித்திருந்தார்.

அந்தப் பெண்ணிடம் கேட்டு, படமெடுத்துச் செல்விக்கு அனுப்பினேன். உடனே அவள் குரல் பதிவாக வந்தது.

"எக்கா, என் இலை திருவிழாவுக்கு வந்துருச்சு. எனக்குத்தேன் லீவு கெடைக்கல."

கூட்டத்துக்கு நடுவே அதை மறுபடி மறுபடி கேட்டேன். இப்போதெல்லாம் என் டிசைன்களைத் தயங்காமல் இணையத்தில் போடுகிறேன், ஒவ்வொன்றிலும் ஓர் இலையைத் தலைகீழாகத் தைத்துவிட்டு.