பின்சக்கர வால்வும் முப்பத்தேழு லாரிகளும்

லாரி வைத்திருப்பவரிடம் போய் 'உங்கள் பிரேக் சரியில்லை' என்று சொல்வது, பெற்றவளிடம் 'உன் பிள்ளைக்கு மூக்கு கோணல்' என்று சொல்வதற்குச் சமம். சொன்னது உண்மையாகவும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். வேண்டாத செய்தியைப் போனில் சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, பள்ளிக்கூட ஆபீஸ் மேடங்களே, லேப் ரிப்போர்ட் வாசிக்கும் தங்கைகளே, இது உங்களுக்காகத்தான்.

விழுப்புரம் பைபாஸில் என் கணவருக்கு லாரி ஒர்க்ஷாப். ஒருநாள் லாரிக் கம்பெனியிலிருந்து ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தது. பின்சக்கரங்களுக்கு பிரேக் காற்றை அனுப்பும் வால்வுக்குள் ஒரு ரப்பர் வளையம். ஒரு குறிப்பிட்ட தயாரிப்பில் மட்டும் அது கிழியக்கூடும். கிழிந்தால், மிதித்த பிரேக் பிடிக்கத் தாமதமாகும். லோடு ஏற்றிய லாரிக்கு ஒரு நொடி தாமதம் என்றால் முன்னால் போகிற ஸ்கூட்டருக்கு என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை எங்கள் பங்குக்கு முப்பத்தேழு லாரிகள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வரவழைத்து, அந்தத் தயாரிப்பாக இருந்தால் இலவசமாக வால்வை மாற்ற வேண்டும்.

"நீதான் கான்வென்ட்ல படிச்சவளாச்சே. வீட்ல இங்கிலீஷ்ல திட்டறதுக்கு பதிலா, இதைக் கொஞ்சம் படிச்சு எல்லாருக்கும் சொல்லிடேன்" என்றார் என் கணவர்.

இலவசம் என்கிற கெட்ட வார்த்தை

முதல் நாளே ஒன்பது பேர் போனை வைத்துவிட்டார்கள். 'இலவசம்' என்று சொன்ன மாத்திரத்தில் எதிர்முனையில் மூச்சு மாறும். நான் 'ப்ளீஸ் லிசன்' என்று ஆரம்பித்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். ஒருவர், பேங்க் விவரம் எதுவும் தர முடியாது என்று நான் கேட்காமலேயே மறுத்தார். இன்னொருவர் போனைத் தன் வக்கீல் மருமகனிடம் கொடுத்துவிட்டார்.

திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வண்டி நம்பரைச் சரிபார்த்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னேன். நன்றி சொல்லி வைக்கப் போனேன். அப்போதுதான் அவருக்கு வியப்பு தாங்கவில்லை: "ஏம்மா, ஓடிபி கேக்காமயே வைக்கிறியே, அப்ப நீ நெசமாவே பிரேக்குக்குத்தான் போன் பண்ணியா?"

காற்று எதற்கு?

வந்த வண்டிகளைப் பார்க்க நானும் ஒர்க்ஷாப்புக்குப் போக ஆரம்பித்தேன். தெரியாததைப் பற்றிப் பேசுவது எனக்கு ஆகாது. எங்கள் தலைமை மெக்கானிக் பஷீர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் டிரெய்லர்களுக்கு அடியிலேயே வாழ்ந்துவிட்டு வந்தவர். "பாய், காற்றுதானே பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது? காற்று இறங்கிவிட்டால் நிறுத்தி வைத்த வண்டி உருண்டு ஓடிவிடாதா?" என்று கேட்டேன்.

அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு டப்பா ஒன்றைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு சுருள்வில். பிரேக்கைப் பிடித்தே தீருவேன் என்று ராப்பகலாக முறுக்கிக்கொண்டிருக்கும் வில். காற்றுதான் அதைத் தள்ளி, அடக்கி வைத்திருக்கிறது. காற்று இறங்கினால் வில் பாய்ந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். நின்ற வண்டி நின்றபடியே இருக்கும். கம்பெனி கடிதம் சொல்வது இதையல்ல, ஓடும்போது காலால் மிதிக்கிற பிரேக்கை. அந்த வேகத்தில் வில் வந்து உதவும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்த டப்பாவை நானும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.  கையைத் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: "பயத்தை மொதல்ல உள்ள வச்சி மூடிட்டு, அதுக்கப்புறம்தாம்மா வண்டிய ஓட வுட்டுக்கிறான், இதைச் செஞ்சவன்."

சந்தனத்துக்கு அடியில்

எந்த வால்வு தப்பான தயாரிப்பு என்று அதன் மேலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எண் எங்கே? எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகும்முன் வண்டிக்கு அடியில் இருப்பதற்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம், வால்வும் தப்பாது. அதற்கு மேல் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம், குங்குமம். கிளியனூரிலிருந்து வந்த வண்டியில் அந்தப் பொட்டு ஒரு ரூபாய் நாணயம் கனத்துக்கு இறுகியிருந்தது.

கம்பி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு பாய் என்னைப் பார்த்தார். அவர் ஏன் தயங்குகிறார் என்று புரிந்தது. ஜெபமாலைச் சிஸ்டர்களிடம் படித்த எனக்கும் கை வரவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரி ராஜேஸ்வரி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் செய்பவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் தானே நுழைந்தார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல வால்வைத் துடைத்தார். அதற்கு மேல் பாய் மண்ணெண்ணெய் போட்டு பெயிண்டைக் கரைத்தார். எண் தெரிந்தது, பட்டியலில் இருந்த எண்ணேதான். ராஜேஸ்வரி வெளியே வந்து சொன்னார்: "இது நல்லாருக்கணும்னுதானே பொட்டு வச்சோம். கெட்டுக்கினு இருக்குதான்னு பாக்கறதுக்குத் தடுக்குமா என்ன சாமி?"

கோலியனூர் ஆறுமுகம்

போனை வைத்தவர்களையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில் முப்பத்தாறு வண்டிகள் வந்துவிட்டன. முப்பத்தேழாவது, கோலியனூர் ஆறுமுகத்தின் டிப்பர். சொந்த வண்டி, சொந்த ஓட்டம். திண்டிவனம் பக்கத்துக் குவாரியிலிருந்து தினமும் ஜல்லி ஏற்றுகிறவர். பள்ளிக்கூட வேன்களும் கரும்பு டிராக்டர்களும் போகிற அதே ரோட்டில். ஒன்பது முறை கூப்பிட்டேன். ஒருநாள் நிறுத்தினால் தன் லோடு நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அது நியாயமான பயம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. "உங்கள் வால்வு வளையம் எந்த நாளும் கிழியலாம், புரிகிறதா?" என்று நான் குரலை உயர்த்திய நாளில் உண்மையைச் சொன்னார்: "இருவது வருசமா மிதிக்கிறேன். என் காலுக்குத் தெரியாததா அந்தக் காயிதத்துக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

ஒரு நிமிஷம்

பத்தாவது முறை கூப்பிட்டபோது பகல் பதினோரு மணி. செஞ்சி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேல்மலையனூரில் ரோடு போடுகிறார்களாம், ஜல்லி லோடோடு போய்க்கொண்டிருக்கிறாராம்.  அன்று அமாவாசை, மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூடும் நாள். மத்தியானத்துக்கு மேல் அந்த ரோடு முழுக்க ஜனம் நடக்கும். இடுப்பில் குழந்தையும் கையில் எலுமிச்சம்பழமுமாக.

கத்தப் போனேன். பஷீர் பாய் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் மெல்லச் சொல்லச் சொல்ல நான் போனில் சொன்னேன். "சரி அண்ணே, கடிதம் வேண்டாம், உங்கள் காலையே கேட்போம். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜினை அணையுங்கள். பிரேக்கை முழுசாக மிதித்து, ஒரு நிமிஷம் எடுக்காமல் காற்று மீட்டர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். பின்சக்கரத்துப் பக்கம் காற்று கசிகிற சத்தம் வருகிறதா என்று யாரையாவது நின்று கேட்கச் சொல்லுங்கள்."

என் வாயை அடைப்பதற்காகவே ஆறுமுகம் செய்தார். பங்க்கில் டீசல் போடும் பெண் பின்னால் போய் நின்றாள். போனில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் தூரத்திலிருந்து வந்தது: "அண்ணா, குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி வருமே, அது மாதிரி உஸ்சுன்னு வருதுண்ணா."  முள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு, "பாயை அனுப்புங்கம்மா" என்று மட்டும் ஆறுமுகம் சொன்னார்.

பாய் புது வால்வைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினார். மீதியை அவர்தான் வந்து சொன்னார். அவர் போய்ச் சேரும்வரை ரோடு காண்ட்ராக்டரின் ஆள் ஆறுமுகத்தை விடாமல் கூப்பிட்டிருக்கிறார்; கூட்டம் ஏறுவதற்குள் லோடு வராவிட்டால் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்று. என்ஜினைப் போட்டால் காற்று ஏறும், மெதுவாகப் போய்விடலாம். இருபது வருஷக்காரருக்கு அது தெரியாதா? ஆறுமுகம் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நடை போய்விடும் என்று ஒன்பது முறை மறுத்தவர், நடை போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். பாய் வேலையை முடிக்கும்போது ரோட்டில் ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு, டிப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

மறுநாள் அந்தப் பழைய வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார் பாய். கிழிசல் சுற்றி வந்து, ஒரு நூல் அளவுக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.  வேலை என்ன ஆயிற்று என்று கேட்கலாமென ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். மூன்று நாள் நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார், அதில் வருத்தம் தெரியவில்லை. பிறகு தானாகவே சொன்னார்: "அம்மா, ஒரு நிமிசம் மிதிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன் பாருங்க, இத்தினி நாளா எந்தெந்த எடத்துல மிதிச்சேனோ, அத்தினி எடமும் கண்ணுல வந்துச்சு."

மொத்தத்தில், என் வீட்டில் நான் சொல்வதை ஒரு ஜீவனும் கேட்பதில்லை என்றாலும், நெடுஞ்சாலையில் முப்பத்தேழு லாரிகள் கேட்டிருக்கின்றன.