பட்டறைக்கே தெரிந்த அரிப்பு

கார் பட்டறையில் வண்ணம் அடிக்கும் பெயிண்டருக்கு ஆண்குறியின் முன்தோல் சிவந்து ஒரே அரிப்பு. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. ஸ்பிரே கன்னைப் பிடித்தபடி நெளிந்தார்.

கடைசியில் டிங்கரிடம் சொன்னார். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் அவருக்கு உயிர் நண்பன். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த ஒரே துணியில் கை துடைப்பார்கள்.

"இதுக்குப் போய் டாக்டரா? இந்தா, இதைத் தடவு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மச்சான்" என்று பாதி பிதுக்கிய களிம்பு டியூப் ஒன்றைக் கொடுத்தான்.

முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு தோல் வெடித்தது. சிறுநீர் போனால் உயிர் போனது. அதற்குள் செய்தி கைகால் முளைத்துப் பட்டறையைச் சுற்றி, டிங்கரின் மனைவி வாய்வழியாகப் பெயிண்டர் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

"எவகிட்ட போய் வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்ட மனைவி, தலையணையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அரிப்பைவிட அதுதான் எரிந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்பவர்கள் உண்டு. இந்தப் பாவி உண்ட டப்பாவுக்கே செய்துவிட்டான்!

"நீயும் வா. டாக்டர் வாயாலயே கேட்டுக்கோ" என்று மனைவியையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் பார்த்தார். சர்க்கரை, தொற்று எல்லாம் சோதித்தார். ஒன்றுமில்லை.

"கை எப்ப கழுவுவீங்க?"

"பாத்ரூம் போயிட்டு வந்ததும்."

"போறதுக்கு முன்னாடி?"

பெயிண்டர் தன் கையைப் பார்த்தார். நகத்தடியில் நீலம் ஒட்டியிருந்தது.

"தின்னர் கையால தொட்டா தோல் சும்மா இருக்குமா? கண்ட களிம்பையும் தடவிக் கெடுத்திருக்கீங்க. சிவப்பு சீக்கிரம் அடங்கலன்னாலோ, வெடிப்பு, புண், சீழ், வீக்கம்னு எது வந்தாலோ டாக்டரைப் பார்க்கணும். இதுல என்ன வெட்கம்?"

வழியில் மனைவி அழுதாள். "அந்த டிங்கர் சொன்னா நம்புவே, நான் சொன்னா நம்பமாட்டே" என்றார் பெயிண்டர்.

தோல் ஆறியது. ஒருநாள் டிங்கர் அவரைப் பட்டறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், எனக்கும் ரொம்ப நாளா அதேதான். அந்த டியூப்பே என்னோடது. அது யாருக்குன்னு கேட்டாங்க. என் பேரு வெளிய வந்துடுமோன்னு பயந்துதான் உன் பேரைச் சொல்லிட்டேன். டாக்டர் என்ன சொன்னாரு?"

ஓங்கி அறையலாம்போல இருந்தது பெயிண்டருக்கு. ஆனாலும் கை கழுவுவது முதல் எல்லாவற்றையும் சொன்னார்.

"போய் டாக்டர்கிட்ட காட்டு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மச்சான் என்று மட்டும் சொல்லவில்லை.