மஞ்சள் நகர்ந்த பாத்தி

ஏலக்காய் நாற்றைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிடுவேன். குமுளிக்கு மேலே எங்கள் மலையில் இதை மறுப்பவர் யாரும் கிடையாது. மறுக்க நான் விட்டதும் கிடையாது. இருபது வருடம் எஸ்டேட் நாற்றங்காலில் குனிந்து நிமிர்ந்தவள். நோய்ச் செடி என்றால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் வேரோடு பிடுங்கித் தீயில் போடுவதுதான் எங்கள் வழக்கம். விட்டால் தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரி முதன்முதலாகச் சொந்தமாக ஒரு பாத்தி போட்டாள். மழை பிடித்ததும் சருகின்மேல் மஞ்சளாக ஏதோ படர்கிறதென்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முட்டையை உடைத்து ஊற்றியது போலப் பளபளவென்று கிடந்தது. அரை நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை.

"அழுகல்டீ. மொத்தத்தையும் பிடுங்கிக் கொளுத்து."

"நாத்து நல்லாத்தானக்கா இருக்கு?"

"நீ எனக்குப் பாடம் எடுக்கியா?"

அழுதுகொண்டே பிடுங்கினாள். மண்ணெண்ணெய் ஊற்றியது நான். அதற்குப் பிறகு அவள் பாத்தியே போடவில்லை. எஸ்டேட் கூலிக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த ஆடியில் அதே மஞ்சள் என் பாத்தியிலேயே வந்து உட்கார்ந்தது. கொளுத்தத்தான் போனேன். மழை விடவில்லை, தீ பிடிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் மஞ்சள் இடம் மாறியிருந்தது. எரிச்சலோடு அதன் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தேன். சாயங்காலத்துக்குள் குச்சியைத் தாண்டி நாலு விரற்கடை போய்விட்டது. அழுகல் எங்கேயாவது நடக்குமா?

போட்டோ எடுத்துப் போய் விவசாய ஆபீசில் காட்டினேன். அங்கிருந்த பெண் அதிகாரி சிரித்தார். இது நோயும் இல்லை, பூஞ்சணமும் இல்லையாம். பெயர் ஸ்லைம் மோல்ட். அவ்வளவு அகலமாகப் படர்ந்தாலும் அது ஒரே ஒரு செல். உள்ளே மட்டும் எண்ண முடியாத உட்கருக்கள். சருகிலிருக்கும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே ஊரும். நாற்றைத் தின்னாது. தீனி தீர்ந்தால் மேடான இடம் தேடி ஏறி, காய்ந்து தூளாகும். ஈரம் பட்டால் தூளின் ஒவ்வொரு துகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத உயிர் வெளியே வந்து நீந்தும், ஜோடி சேரும், மறுபடி மஞ்சளாகப் பெருகும்.

அவர் சொன்னபடியே நாலு நாளில் அது நாற்றுகளின் தண்டில் ஏறிக் காய்ந்தது. விரலால் தட்டினேன், பழுப்புத் தூள் பறந்தது. அடியில் தண்டு பச்சையாக, முழுசாக இருந்தது.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"அன்னைக்குக் கொளுத்துனது நோய் இல்லடீ. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன், நின்றபடியே.

அவள் என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். இத்தனை நாளும் முன்வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாளே தவிர, அந்தப் பக்கம் என்னை விட்டதில்லை. ஓலைத் தட்டி ஒன்றின் மறைவில் இரண்டு ஏலத் தூர்கள் காய் பிடித்து நின்றன.

"ரெண்டே ரெண்டு நாத்த மடியில மறைச்சு வச்சிட்டேன்க்கா. நீங்க பாத்தா இதையும் பிடுங்கச் சொல்லுவீகன்னுதான் தட்டி கட்டுனேன்."

தட்டியை நானே அவிழ்த்தேன். அடுத்த பாத்திக்கு விதை இதிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.