முத்துப்பேச்சி கேட்ட கதவு

முத்துப்பேச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். கல்யாணமான கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் மூன்றாம் மாடியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்குவாள். நான் அதே மாடியில் டெய்லர். என் பீஸைத் திருப்பி அனுப்பும்போது, "காஜா அண்ணாச்சி, ஒரு கை அண்ணனுக்கும் ஒரு கை தம்பிக்குமா தச்சிருக்கீங்க?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அளந்து பார்த்தால் கை ஏறுமாறாகத்தான் இருக்கும். அதில் கோபம் இன்னும் கூடும்.

எங்கள் கம்பெனிக்கு ஒரே படி, படிக்குக் கீழே ஒரே ஷட்டர். ஆட்கள் மேலே ஏறி பெல் அடித்ததும் வாட்ச்மேன் சோணைமுத்து ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார். ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. திருப்பூரில் டெய்லருக்கு பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. அவசர ஆர்டர் உள்ள பக்கத்துக் கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்று போன் பண்ணினால், கத்திரியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பாதி நாளிலேயே கிளம்பிவிடுவோம். அதைத் தடுக்கத்தான் பூட்டு. ஓனர் கருப்புசாமி கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் தன் காரையே அனுப்புவார். டெய்லர்களை மட்டும் நம்ப மாட்டார்.

படியெல்லாம் பனியன் வேஸ்ட் மூட்டை. தீ கீ பிடித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். முத்துப்பேச்சி ஒருத்திதான் கேட்டாள். அதுவும் யாரிடம்? ஓட்டுக் கேட்டு வீதிக்கு வந்த வேல்விழி அம்மாவிடம். அவர் சட்டம் படித்தவர், ஜெயித்து எங்கள் தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். ஆனதும் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். கம்பெனியைப் பார்க்க வருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

கருப்புசாமி முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கொங்கு மரியாதையோடுதான் பேசினார்.

"ஏனுங்க, கம்பெனி மானத்த எம்.எல்.ஏ. வரைக்கும் கொண்டு போயிட்டீங்க. வந்து பாக்கட்டும். கதவு தொறந்துதான் இருக்கும். பொய் சொன்னது நீங்கன்னு ஆயிருமுங்க. அப்புறம் நீங்களும் உங்க ஊட்டுக்காரரும் வேற கம்பெனி பாத்துக்கங்க. லைன் ஊட்டையும் காலி பண்ணிருங்க."

அவள் கணவன் முனீசும் அதே கம்பெனியில் பேக்கிங். குடியிருப்பு கம்பெனி லைன் வீடு. ஒரு வார்த்தையில் இரண்டு வேலையும் ஒரு கூரையும் போகும். அன்று முழுக்க அவள் என் தையலில் ஒரு குறையும் சொல்லவில்லை. அளந்து பார்த்தேன், கை ஏறுமாறாகத்தான் இருந்தது.

எம்.எல்.ஏ. வந்த அன்று ஷட்டர் ஜம்மென்று திறந்திருந்தது. வேஸ்ட் மூட்டையைப் படியின் ஓரமாக ஒதுக்கி, கோலம் வேறு போட்டிருந்தார்கள். வீதியை ஒரு லோடு வண்டி அடைத்து நின்றதால் அவருடைய டிரைவர் மெயின் ரோட்டிலேயே காரோடு நின்றுவிட்டார். எம்.எல்.ஏ.வும் உதவியாளர் ஒருவரும் மாடியேறி வந்தார்கள். டீ, வடை எல்லாம் நடந்தது. கருப்புசாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களா மேடம்? எப்பவுமே இப்படித்தானுங்க. சில பேரு இல்லாதத சொல்றாங்க."

எம்.எல்.ஏ. முத்துப்பேச்சியைப் பார்த்தார். அவள் குனிந்து கையிலிருந்த பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது டீ நேரம் முடிந்து பெல் அடித்தது. கீழே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு டக்கென்று பூட்டு.

பாவம் சோணைமுத்து. பூட்டக் கூடாது என்று காலையில் சொன்னது அவர் மனசில் இருந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷமாகப் பெல்லுக்குப் பழகிய கை, மனசைக் கேட்கவில்லை.

"என்னங்க சத்தம்?" என்றார் எம்.எல்.ஏ.

கருப்புசாமி பாக்கெட்டில் போனைத் தேடினார். முத்துப்பேச்சி நிமிர்ந்தாள். "நான் சொன்னது அதாம்மா."

எல்லோரும் கீழே இறங்கினோம். கருப்புசாமி சோணைமுத்துவுக்கு போன் போட்டார். ஷட்டருக்கு வெளியே, ஸ்டூல் மேல் இருந்து போன் பாடியது. ஆள் சாவியோடு எங்கேயோ போயிருந்தார். எம்.எல்.ஏ. வேஸ்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, முத்துப்பேச்சியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். புழுக்கத்தில் அவருக்கும் வியர்த்தது. இருவரும் ஊர்க்கதை பேசினார்கள், நடுவில் ஓனர் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கதையும் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எம்.எல்.ஏ.வே எழுந்து ஷட்டரைத் தட்டி, "கொஞ்சம் தொறங்க" என்றார்.

"யாரு தட்டுறது?" சோணைமுத்து அதட்டினார். "மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் தொறப்பேன். மேல போய் வேலயப் பாரும்மா!"

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்ததும் எம்.எல்.ஏ. கருப்புசாமியிடம் அமைதியாகச் சொன்னார்: "ஆளுங்க உள்ள இருக்கறப்ப பூட்டறதுக்கு உங்களுக்கு உரிமை இல்லீங்க. இந்தம்மா வேலைக்கோ ஊட்டுக்கோ ஏதாச்சும் ஆச்சுன்னா நான் மறுபடியும் வருவனுங்க."

சட்டசபையிலும் பேசினார். தான் பூட்டப்பட்டதை அவரே சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்துவிட்டு, பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாராம். அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் வீதியில் எல்லாக் கம்பெனியிலும் ஷட்டர் பூட்டுகள் போயின. எங்களுக்குப் பின்பக்கம் இரும்புப் படி ஒன்று வந்தது. டெய்லர்கள் ஓடினோமா? சிலர் ஓடினார்கள். கருப்புசாமி ரேட்டைக் கொஞ்சம் ஏற்றினார், பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். நான் போகவே இல்லை. இந்த வம்பும் சிரிப்பும் வேறு எந்தக் கம்பெனியில் கிடைக்கும்?

பூட்டைக் கழற்றிய மறுநாள், வேலை மும்முரமாக ஓடும் நேரத்தில் முத்துப்பேச்சி பீஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடு வீதியில் வெயிலில் நின்றாள். சோணைமுத்து எங்கே போகிறாய் என்று கேட்டார் போல. எங்கேயும் இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மாடியேறி வந்து, பழையபடி உட்கார்ந்து பீஸை எடுத்தாள்.

"என்ன தங்கச்சி, எங்க போயிட்டு வந்த?" என்றேன்.

"எங்கயும் போகல அண்ணாச்சி" என்றாள். "இன்னைக்குத்தான் நானா வேலைக்கு வந்த மாதிரி இருக்கு."