உச்சுக் கொட்டாத வேலை

திண்டிவனத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், எனக்கு ஆச்சரியப்படவும் வருத்தப்படவும் சொல்லிக்கொடுத்தார்கள். இருபத்து நான்கு வயது வரை இரண்டையும் தப்புத்தப்பாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வெளிநாட்டுக்காரர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை. மூன்று தேர்வுகளில் ஒன்றிலாவது தேறினால் வேலை நிரந்தரம். தேர்வு என்றால் நிஜ அழைப்புதான். சென்னையிலிருந்து வந்த மேடம், பள்ளியில் ‘இன்டர்ஜெக்‌ஷன்’ என்று நாங்கள் மனப்பாடம் செய்த சமாச்சாரத்தைப் பலகையில் எழுதிப் போட்டார். நல்ல செய்திக்கு ‘வாவ்’. கெட்ட செய்திக்கு ‘ஓ நோ’. இன்னதென்று தெரியாத செய்திக்கு வெறும் ‘ஓ’. குரலை ஏற்றினால் வியப்பு, இறக்கினால் துக்கம். ராஜா செத்தால் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கற்ற ‘அலாஸ்’ செல்லாதாம். அதை வைத்துத்தான் பத்தாம் வகுப்பில் நான் மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

என் கோளாறு வேறு. யாராவது கஷ்டத்தைச் சொன்னால், ஒலக்கூர்ப் பக்கத்தில் பிறந்த நாக்கு முந்திக்கொண்டு உச்சுக் கொட்டிவிடும். முதல் தேர்வில் ஒரு பெண்மணி, அம்மாவின் பிறந்தநாளுக்குச் சொல்லிவைத்த கேக் வரவில்லை என்றார். மனசாரக் கொட்டினேன். அவர் உடனே மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றார்.

மேடம் பதிவைப் போட்டுக் காட்டினார். “ஏங்க, அவங்க காதுல இது நீங்க சலிச்சுக்கிற சத்தம். இரக்கமே இல்லையே.”

இரண்டாவது தேர்வில் ஒருவர் நாய்த் தீனியை நிறுத்தச் சொன்னார். நாய் செத்துவிட்டதாம். சும்மா இருக்க நான் என்ன கல்லா? நாலைந்து முறை கொட்டினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மிச்சம் ஒரு தேர்வு. தனியாக வேர்க்கடலை பயிரிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, மகள் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். நான் தேறாவிட்டால், அதை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும்.

பத்து நாள் நாக்கின் அடியில் கிராம்பை அடக்கிக்கொண்டு பயிற்சி செய்தேன். விழுப்புரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, மாமியாரின் ஆபரேஷன் கதையைச் சொன்னார். குரலை இறக்கி, ‘ஓ’ என்றேன். பாதிக் கதையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரே சந்தோஷம், பயிற்சி பலிக்கிறதென்று.

மூன்றாவது தேர்வில் தேறினேன். “இப்பதான் உங்க குரல்ல இரக்கம் தெரியுது” என்றார் மேடம்.

இனிப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“புடுங்கிப் போட்ட மல்லாட்டையெல்லாம் மழையில நனஞ்சி மொளச்சிக்கினு கீதும்மா. ஒண்ணும் தேறாது.”

“ஓ நோ” என்றேன். குரல் அழகாக இறங்கியது. “கஷ்டமாத்தான் இருக்கும். புரியுதும்மா.”

 அம்மா ரகசியம் போலக் கேட்டாள். “பக்கத்துல ஆபீஸ் ஆளுங்க யார்னா கீறாங்களா? சரி சரி, அவங்க போனதும் பேசு, சொல்றேன்.”

பக்கத்தில் யாரும் இல்லை. வெட்கமாக இருந்தது.

“ஆமாம்மா, இருக்காங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.