தானாகப் பூஜ்ஜியம் ஆகாது

என் மருமகளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கீழ் வீட்டு வங்காளி அண்ணி, அந்த பௌதி, உன்னிடம் சொன்னாளாக்கும்? எதிர் வீட்டுக்காரி நீ, முழுதாகக் கேட்டுக்கொள். இப்போது பாலிகஞ்சில் அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷத்தில் காலையிலேயே கேசரி கிளறிவிட்டேன். இந்தக் கல்கத்தா ரவை ரொம்ப நைசு, குழைந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

இந்தத் துர்கா பூஜைக்கு முன்னால், இதே பவானிபூர் வீட்டில் நடந்தது. என் மகன் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலையில் மருமகள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் இருவரும் மதுரைக்குப் போக வேண்டியதுதான். காளிகாட் பக்கத்துச் சுடுகாட்டில் அவனை விட்டுவிட்டு ஊர் மாற எங்களுக்கு மனசே இல்லை.

எழுதியதைப் பெரிய அதிகாரிகளுக்குக் காட்டும் நாள் வந்தது. ஒரு மருந்துக்கடையின் சரக்குக் கணக்கு அது. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் சரியாகத்தான் வந்தது. அங்கே கோடிக்கணக்கில் மாத்திரை இருப்பதாகக் காட்டியதாம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனாலும் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையிலயே எழுதிப் பழகிட்டேன் அத்தை. அதுல கணக்குக்குன்னு புதுசா ஒரு இடம் வெச்சா, தானாவே பூஜ்ஜியத்துல ஆரம்பிக்கும். இங்க வேற பாஷை, சி ப்ளஸ் ப்ளஸ். பூஜ்ஜியம்னு நாமதான் போடணும். போடலைன்னா முன்னாடி அங்க கிடந்த குப்பையே எண்ணிக்கையா நிக்கும்."

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரின்னு சொன்னியேடி?"

"அதுலதான் ஏமாந்தேன்."

"இது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல. சாயந்திரம் மூணு டம்ளர் காபி ஆத்துது பாருங்க, அதே கைதான்."

அவன் இருந்த பழக்கத்தில் ஆற்றிவிடும் அந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்து அவள் அழுதுவிடக் கூடாது என்று, தினமும் அடுக்களையில் மறைவாக நானே குடித்துவிடுவேன். அவள் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

"மூணாவதையும் நீங்களே குடிக்கிறது தெரியும் அத்தை. ராத்திரி தூக்கம் வரலைன்னு புரளுறீங்களே, பின்ன எப்படி வரும்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானதென்று தெரியவில்லை.

அந்த வேலை போய்விட்டது. பாதி சாமான் மூட்டை கட்டிய பிறகுதான் பாலிகஞ்சிலிருந்து கூப்பிட்டார்கள்.

இப்போதும் அவள் மூன்று டம்ளர்தான் ஆற்றுகிறாள். மூன்றாவதை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டு அவனைப் பற்றிப் பேசுகிறோம். ஒரே வீட்டில் ஒரு வருஷம் அவன் பேரையே எடுக்காமல் இருந்தோமே, அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

ஐயோ, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இரு, வாளியை வைத்துவிட்டு வருகிறேன்.