அண்ணனின் இன்சோல்

ஷூவுக்குள் போடுகிற இன்சோல் செய்பவனிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. குதிகால் வலியால், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கவே பயப்படுகிற உங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு தாள்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் என் கடை. விடிகாலையில் கடற்கரையில் ஓடுகிறவர்கள்தான் வாடிக்கை. பாதத்தில் மை தடவித் தாளில் நிற்கச் சொல்வேன். எடை அழுந்துகிற இடம் கறுப்பாக விழும். பிறகு ஷூவுக்குள் கார்பன் தாள் வைத்து, தெருக்கோடி வரை ஓடிவரச் சொல்வேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பழகிக்கொண்டது.

வங்கியில் வேலை பார்த்த ஸ்ரீதர் முட்டிவலி என்று வந்தார். வெறுங்காலில் கட்டைவிரல் பக்கம் கறுத்தது. ஷூவோடு ஓடியபோது சுண்டுவிரல் பக்கம், வெளி ஓரம் முழுக்கக் கறுப்பு. பார்த்தால் இரண்டு ஆட்களின் கால். தாள்களைக் காட்டினேன். சிரித்தார்.

"என்ன சார், நடுவுல யாராவது என் ஷூவுல ஏறிண்டுட்டாளா?"

குழி

இன்சோலை உருவினேன். ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஸ்ரீதரின் விரல்களைவிட நீளம். வெளி ஓரத்தில் ஆழமாக ஒரு குழி. ஒவ்வோர் அடிக்கும் இவர் பாதம் அதற்குள் சரிந்து விழ, முட்டி திருகிக்கொண்டது. சில மாதங்களுக்கு முன் இறந்துபோன அண்ணனின் ஷூவாம்.

"காரியத்துல புதுச் செருப்பும் குடையும் தானம் பண்ணியாச்சு. இதை யாருக்குக் குடுக்கறது? கொஞ்சம் லூஸ், பரவாயில்லைன்னு போட்டுண்டேன்."

வாசல்

அவர் காலுக்கு நான் செய்துவைத்த புது இன்சோலை வாங்க அவர் வரவில்லை. வீட்டுக்கே எடுத்துப்போனேன். அப்போதுதான் ஓடிவிட்டுத் திரும்பினார். வலது காலைத் தேய்த்துத் தேய்த்துப் படியேறினார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது: "வந்துட்டேளா? காபி கலக்கட்டுமா?"

அண்ணனின் மனைவி, தன் மன்னி என்றார் ஸ்ரீதர். கொழுந்தனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது கணவரைக் கேட்கிற குரல். அண்ணன் போனதிலிருந்து வாயே திறக்காத மன்னி, அண்ணனுடையது போலவே ஒலிக்கிற இந்தக் காலடி கேட்டால் மட்டும் பேசுகிறாராம். இன்சோலை மாற்றாவிட்டால் உங்கள் முட்டி போய்விடும் என்றேன்.

"போனாப் போறது சார். இதை மாத்தினா மன்னி பேச்சு போயிடும்."

பழசு

சில நாளில் மன்னியே ஷூவோடு கடைக்கு வந்தார். "அவன் மாடிப்படி ஏற முடியாம நிக்கறான். மாத்திடுங்கோ." நான் தயங்கினேன். "வர்றது யார்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டுண்டிருந்தேன்" என்றார்.

மாற்றினேன். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடப் போன என் கையை அவர் பார்த்தார். போய்ச்சேர்ந்துவிட்ட என் மனைவியின் செருப்பு இன்றுவரை என் வீட்டு வாசலில் கிடக்கிறது. அதனால் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அதை இப்படிக் குடுங்கோ."

காலடி

பிறகு ஒருநாள் ஸ்ரீதர் வந்தார். வலி போய்விட்டது, நன்றாக ஓடுகிறார். முகம் மட்டும் வெளுத்திருந்தது. மன்னி பெரிய அளவில் கான்வாஸ் ஷூ வாங்கி, அந்தப் பழைய இன்சோலைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் நடக்கப் போகிறாராம். எல்லோரோடும் பேசுகிறாராம். நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான் சார். ஆனா நான் கூடத்துல உக்காந்துண்டிருக்கேன், வாசல்ல அண்ணா ஏறி வர்ற சத்தம் கேக்கறது. 'வந்துட்டியா அண்ணா'ன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துடறது."

பாதத்தின் அழுத்தத்தை இடம் மாற்றுவதுதான் என் தொழில். அது போய் எங்கே இறங்கும் என்பதற்கு மட்டும் நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.